கன்றைப் பிளந்து செய்த உடன்படிக்கை

1955இல் ஈராக்கின் நிம்ரூத் மேட்டில், நபு தெய்வத்தின் கோவிலை அகழ்ந்தவர்களுக்கு 350க்கும் மேற்பட்ட களிமண் சில்லுகள் கிடைத்தன. அவற்றைப் பொறுமையாகப் பொருத்திப் படித்தபோது, அசீரியப் பேரரசன் எசரத்தோன் கி.மு. 672இல் சிற்றரசர்களிடம் வாங்கிய சத்தியப் பத்திரம் வெளிப்பட்டது. அவனுக்குப் பிறகு அவன் மகன் அசுர்பனிபாலுக்கு விசுவாசமாக இருப்போம் என்பது சத்தியம். மீறினால் என்ன ஆகும் என்பதைத்தான் பத்திரம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. தோல் வியாதி வரும், கண் பார்வை போகும், நிலம் இரும்பாக இறுகும், வானம் வெண்கலமாகி ஒரு சொட்டு மழையும் தராது.

பைபிளில் உபாகமம் 28ஆம் அதிகாரத்தைப் படித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கேயும் அதே இரும்பு, அதே வெண்கலம், அதே வியாதி, அதே குருடு! எசரத்தோனுக்குக் கட்டுப்பட்ட அரசர்களின் பட்டியலில் யூதாவின் அரசன் மனாசேயின் பெயரும் இருக்கிறது. ஆகவே பேரரசின் பத்திர நடை எருசலேமின் எழுத்தர்களுக்குப் பழகிய ஒன்று என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

பேரரசன் ஒருவன் தனக்கு அடங்கிய சிற்றரசனோடு செய்யும் இத்தகைய ஏற்பாட்டை ‘மேலாட்சி ஒப்பந்தம்’ எனலாம். எசரத்தோனுக்கு ஐந்தாறு நூற்றாண்டுகள் முன்பே, இன்றைய துருக்கியில் ஆண்ட ஹிட்டைட் அரசர்கள் இதற்கு ஒரு வார்ப்பு வைத்திருந்தார்கள். நான் யார், உனக்கு என்ன நன்மை செய்தேன், நீ செய்ய வேண்டியது என்ன, யார் சாட்சி, ஆசி என்ன, சாபம் என்ன என்று வரிசையாகப் போகும். சாட்சிப் பட்டியலில் தெய்வங்களோடு மலைகளும் ஆறுகளும் வானமும் பூமியும் நிற்கும்.

இந்த வார்ப்பைத் தெரிந்துகொண்டு பைபிளின் தீர்க்கதரிசிகளைத் திறந்தால் காட்சியே மாறிவிடுகிறது. ஏசாயா தன் நூலின் தொடக்கத்திலேயே வானத்தையும் பூமியையும் கேட்கச் சொல்கிறார். மீகா மலைகளின் முன்னால் வழக்கை வைக்கிறார். கவிதை அழகுக்காகச் சேர்த்தது போலத் தோன்றும் இந்த அழைப்பு, வழக்காடும் முறை. மக்கள் கடவுளோடு செய்த ஒப்பந்தம் மீறப்பட்டது, சாட்சிகளே வாருங்கள் என்கிறார்கள். ஒரே கடவுளை நம்பும் மக்களுக்கு வேறு தெய்வங்களைச் சாட்சிக்கு அழைக்க வழியில்லை. பட்டியலில் மிஞ்சியவை வானமும் பூமியும் மலையும்தான்.

ஒப்பந்தத்தைச் சடங்காகவும் செய்தார்கள். சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே செஃபிரேயில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஒரு கன்று வெட்டப்படுவதைச் சொல்லி, வாக்கு மீறினால் அரசன் மத்தியேலுக்கும் அந்தக் கதிதான் என்கிறது. எரேமியா 34ஆம் அதிகாரத்தில் அதே கன்று வருகிறது. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்ட நாட்களில், அரசன் சிதேக்கியாவின் ஏற்பாட்டில் பெரிய மனிதர்கள் தங்கள் எபிரெய அடிமைகளை விடுவிப்பதாக உடன்படிக்கை செய்தார்கள். பிளந்த கன்றின் இரு பாதிகளுக்கு நடுவே நடந்து போனார்கள். படை சற்று விலகியதும் விடுவித்தவர்களை மறுபடி பிடித்து அடிமையாக்கிக்கொண்டார்கள். நீங்களும் அந்தக் கன்றைப்போல ஆவீர்கள் என்றார் எரேமியா. அதே அதிகாரம், யூதாவில் எஞ்சிய அரணான நகரங்கள் லாகீசும் அசெக்காவும் மட்டுமே என்கிறது. 1935இல் லாகீசில் ஓட்டுச் சில்லுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில், லாகீசின் தீக்குறிகளை எதிர்பார்த்திருக்கிறோம், அசெக்கா கண்ணுக்குத் தெரியவில்லை என்ற செய்தி இருக்கிறது!

உடன்படிக்கையை மீறியவர்களுக்குக் கடவுள் தரும் தண்டனைக்குள் நுட்பமான ஓர் அமைப்பு உண்டு. லேவியராகமம் 26, தண்டனையைப் படிப்படியாக அடுக்குகிறது. ஒவ்வொரு படியிலும் ‘இதற்குப் பிறகும் கேளாவிட்டால்’ என்ற நிபந்தனை இருக்கிறது. தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்த ஆமோஸ் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார். பஞ்சம், மழையின்மை, வெட்டுக்கிளி, கொள்ளைநோய், அழிவு என்று அடுக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் நீங்கள் திரும்பி வரவில்லையே என்று ஐந்து முறை வருந்துகிறார். அடித்துத் தீர்ப்பவன் ஒவ்வொரு அடிக்கும் நடுவே நின்று வாசலைப் பார்க்கமாட்டான். இந்தக் கடவுள் பார்க்கிறார்.

தீர்க்கதரிசிகள் பேரரசின் வார்ப்பை எடுத்து அதைவிடப் பெரிய ஒன்றைச் செய்தது இங்கேதான். எசரத்தோனின் பத்திரத்தில் மீறியவன் திரும்பிவர ஒரு வழியும் இல்லை. லேவியராகமத்திலோ, சாபங்களெல்லாம் முடிந்தபின் எதிரி நாட்டில் இருக்கும்போதும் அவர்களை அடியோடு கைவிடமாட்டேன் என்ற வாக்கு வருகிறது. ஓசியா தன் பிள்ளைகளுக்கு ‘இரக்கம் பெறாதவள்’, ‘என் ஜனமல்ல’ என்று பெயரிட்டு, பின்னர் அந்தப் பெயர்களையே திருப்பிப் போடுகிறார். எரேமியா 31 இன்னும் துணிகிறது. ஒப்பந்தப் பலகையைக் கோவிலில் வைத்துக் காப்பது அன்றைய வழக்கம். கடவுள் புதிய உடன்படிக்கையை மக்களின் இருதயத்திலேயே எழுதுவார் என்கிறது அந்த அதிகாரம்.

சொன்னதோடு எரேமியா நிற்கவில்லை. நகரம் விழப்போகும் நேரத்தில், காவலில் இருந்தபடியே, தன் ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. யூதாவில் கிடைத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். ஆக ஏறத்தாழ 24 பவுன் எடை. வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். பத்திரத்துக்கு இரண்டு படிகள், ஒன்று முத்திரையிட்டு மூடியது, மற்றொன்று திறந்தது. யாராவது திறந்த படியைத் திருத்தினால் மூடிய படி காட்டிக்கொடுக்கும். யூதேயப் பாலைவனக் குகைகளில் இதே முறையில் எழுதிய பிற்காலப் பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. எரேமியா தன் பத்திரங்களை, நெடுநாள் கெடாமல் இருக்கட்டும் என்று மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். சுற்றிலும் எதிரிப் படை. அந்த நிலத்தில் அன்று யாராலும் ஏர் பூட்டியிருக்க முடியாது. தீர்க்கதரிசிகளின் செயல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மீட்பு வரும் என்பதை அவர் கிரயப் பத்திரமாகவே எழுதி வைத்தார்.

கி.மு. 586இல் எருசலேம் விழுந்தது. அதற்கு முன்பே பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதியிருந்தார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றார். பாபிலோனியாவில் ‘யூதாபுரம்’ என்று சொல்லத்தக்க ஒரு குடியிருப்பின் களிமண் பலகைகள் இப்போது நம் கையில் இருக்கின்றன. அவற்றில் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. யூதாவிலிருந்து போனவர்கள் பயிர் செய்ததும் வரி கட்டியதும் கடன் வாங்கியதும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன.

கி.மு. 539இல் பாரசீகன் கோரேசு பாபிலோனைப் பிடித்தபின் திரும்பியவர்களின் ஊர்வாரிப் பட்டியல் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதன் 23ஆம் வசனத்தின்படி ஆனதோத்துக்குத் திரும்பியவர்கள் 128 பேர்.