அரிக்கமேட்டு இரகசியம்

புதுவைக்கு வருவோர் பிரெஞ்சு வீதிகளைப் பார்த்து மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அவற்றினும் மிகப் பழமையான ஊர் ஒன்று அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மண்மேடாய்க் கிடப்பதை அறிவோர் சிலரே. அங்கே ஊர்ச் சிறுவர் பொறுக்கிய மணிகளைக் கண்டு, 1930-களில் வியப்புற்றார் ழுவோ துப்ராய் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலிய தேசத்துச் செந்நிறக் கலங்களும் மதுச்சாடிகளும் உடைந்த துண்டுகளாய் வெளிப்பட்டன. தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் உடன் கிடைத்தன. யவனர் நூல் கூறும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பர் அறிஞர் பலர்.

யவனர் வந்து ஊரை உண்டாக்கினர் என்று எண்ணற்க. அவர்கள் வருமுன்னரே நம்மவர் இங்கே வாழ்ந்திருந்தனர் என்பதைப் பிற்கால அகழ்வுகள் காட்டின. அத்தகைய மேட்டின் கரையை ஆறு அரித்துக் கொண்டுபோயிருக்கிறது. செங்கற்களையோ மனிதரே பெயர்த்துப் போயினர். எஞ்சியதையேனும் நாம் காக்க வேண்டாமா?