நீரின் தூய்மையும் நம் கடமையும்

ஐவேளைத் தொழுகைக்கு முன்னோடியாய் அமைவது ஒளு. ஒளுவுக்கு அடிப்படை தூய நீர். அந்நீர் எங்கிருந்து வருகின்றது, எவற்றைக் கடந்து வருகின்றது என்பதை வாசகர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

நீலகிரியிலுள்ள எமரால்டு, அவலாஞ்சி அணைகள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றின் நீர் மின்நிலையங்களைக் கடந்து இறங்கிப் பவானியாற்றின் பில்லூர் அணையை அடைகின்றது. அங்கிருந்து கோவை மாநகருக்குக் குடிநீர் செல்கின்றது. மலையில் ஒருவர் ஓடையில் எறியும் கழிவின் நஞ்சு, சமவெளியில் வாழும் மற்றொருவரின் குவளையைச் சேரக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

உதகையின் குப்பை தீட்டுக்கல்லிலும், கோவையின் குப்பை வெள்ளலூரிலும் பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்துள்ளன. குவியலுக்குள் உணவுக்கழிவு காற்றின்றி அழுகும்போது அமிலங்கள் பிறக்கின்றன. அதில் ஊறும் மழைநீர், பழைய மின்கலங்களிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கருநிறக் கசிவாய் வெளிப்படுகின்றது. நீர் புகாத அடித்தளம் இல்லாத இடத்தில் அக்கசிவு கிணற்றிலும் ஓடையிலும் கலக்கும். மழை மிகுந்த மலைச்சரிவில் இந்த அபாயம் பெரிது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அசுத்தம் கலந்த நீரை நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றால் ஆராய்வது மார்க்கச் சட்ட மரபு. கரைந்த உலோகமோ இம்மூன்றிலும் புலப்படாதிருக்கலாம். காய்ச்சினால் கிருமிகள் மடியும், உலோகம் அகலாது. ஆகவே நீர் கெட்டபின் வருந்துவதினும், கெடாமற் காப்பதே அறிவுடைமை. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், நீர்த்துறை, பாதை, நிழல் ஆகிய இடங்களை அசுத்தம் செய்வதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். பலருக்கும் பொதுவானதை ஒருவர் கெடுத்தலாகாது என்பதை இத்தடைகள் நமக்கு உணர்த்தவில்லையா?

காப்பு நம் அடுக்களையிலிருந்தே தொடங்குகின்றது. மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே பிரித்தளிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. மட்குவதை உரமாக்கினால் கசிவுக்கு மூலமான அழுகல் குறையும். மின்கலங்களைத் தனியே ஒப்படைத்தால் நஞ்சு குறையும். வலீமா விருந்திலும், நோன்பு திறக்கும் நிகழ்ச்சியிலும் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களையே வையுங்கள். குர்பானிக் கழிவுகளை ஓடையில் எறியாது, உள்ளாட்சியின் வண்டியில் சேர்ப்பியுங்கள். அல்லது கிணற்றுக்குத் தொலைவில் ஆழமாய்ப் புதையுங்கள்.

நாம் ஒளுச் செய்யும் நீரைப் போன்றே, நமக்குக் கீழே வாழும் அயலாரின் நீரையும் தூய்மையாய் வைத்திருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!