புதுப் பூனை வீட்டில் நிலைக்க

சம்பா, தாளடி அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தால், வயலில் இருந்த எலிகளில் ஒரு பங்கும் பின்னாலேயே வந்துவிடும். காரைக்கால் பகுதியில் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகம் போன்ற கடைமடைக் கிராமங்களில் வயல், வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, வீடு எல்லாம் அடுத்தடுத்தே இருக்கின்றன. வரப்பு வளையை விட்ட எலிக்குப் போரடியும், அங்கிருந்து பத்தாயமும் தூரமில்லை. வயலில் எலி பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி உண்டு. இரவில் ஆந்தை வந்து உட்காருவதற்குக் குறுக்குச் சட்டம் அடித்த கம்புகளை நடலாம். ஆனால் விதை நெல்லும் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டுக்குள் நஞ்சு வைக்க யாருக்கும் மனம் வராது. அங்கே பூனைதான் பழைய துணை.

இருக்கும் பூனைகளுக்கு வயதாகிவிட்டது, எலி குறையவில்லை என்று சிறு விவசாயிகள் பலர் புதிதாக ஒரு பூனையைக் கொண்டுவருகிறார்கள். உறவினர் வீட்டிலிருந்து சாக்கில் போட்டு வாயைக் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து, கூடத்தில் அவிழ்த்துவிடுவதே வழக்கம். பழைய பூனைகள் சீறுகின்றன. புதியது பரண் மேல் ஏறி ஒளிந்துகொள்கிறது. இரவெல்லாம் ஒரே கூச்சல். மூன்றாம் நாள் அது காணாமல் போய்விடுகிறது. சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக, நன்றாக எலி பிடித்து வந்த பழைய பூனையே அண்டை வீட்டுக்குக் குடிபோய்விடும். இரண்டும் தங்கினாலும் சண்டை ஓயாமல் போனால், பூனைகள் நெல் மூட்டை மீதே சிறுநீர் தெளிக்கத் தொடங்கும். விதை நெல் மூட்டைக்கு இது நேர்ந்தால் இழப்பு எலியால் வருவதைவிடக் குறைவல்ல. "இந்த வீட்டுக்குப் பூனை ராசியில்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இதற்கும் ராசிக்கும் தொடர்பில்லை. குறை பூனையிடமும் இல்லை. பூனைகளை ஒன்றுக்கொன்று பழக்கும் முறையில்தான் குறை.

பூனை எவ்வளவு செய்யும்?

புதுப் பூனை கொண்டுவரும் முன் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் சார்லஸ் எல்டன் என்ற அறிஞர் பண்ணைப் பூனைகளைப் பற்றி ஆராய்ந்து 1953-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். எலி ஏற்கெனவே மண்டிக் கிடக்கும் பண்ணையைப் பூனைகளால் சுத்தம் செய்ய முடியவில்லை. ஆனால் எலிகளை வேறு முறைகளால் ஒழித்த பிறகு, பூனைகள் அங்கேயே தங்கும்படி அன்றாடம் பால் கொடுத்து வந்தபோது, வெளி எலிகள் மீண்டும் குடியேறாமல் அவை காத்தன. அந்தக் காவலும் கட்டடங்களைச் சுற்றி ஏறக்குறைய 50 கஜ தூரம் வரைதான்.

நியூயார்க் நகரில் நடத்தி 2018-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. ஐந்து மாத காலத்தில் அங்கிருந்த பூனைகள் கொன்றதாகப் பதிவானவை இரண்டே எலிகள். ஆனால் பூனை நடமாடிய நாட்களில் எலிகள் வளையை விட்டு வெளியே வருவது குறைந்தது. ஆகவே பூனையை வேட்டைக்காரன் என்பதைவிடக் காவல்காரன் என்பதே பொருந்தும். பெருச்சாளியோடு மல்லுக்கு நிற்கப் பெரும்பாலான பூனைகள் துணிவதில்லை. அதற்குப் பொறியும் கிட்டியுமே சரி.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்ற எண்ணம் தவறானது. வேட்டைக் குணம் பசியால் மட்டும் வருவதல்ல. வயிறு நிரம்பிய பூனையும் எலியைத் துரத்தும். சோறு கிடைக்காத பூனையோ சோறு கிடைக்கும் வீட்டைத் தேடிப் போய்விடும். காவல் வேண்டுமானால் பூனை வீட்டில் இருக்க வேண்டும். புதியதும் பழையதும் ஒத்துப்போனால்தான் இரண்டும் இருக்கும்.

ஏன் சீறுகிறது?

வீட்டுப் பூனையின் முன்னோர் தனித்து வேட்டையாடி வாழ்ந்த காட்டுப் பூனைகள். மேற்கு ஆசியாவில் மனிதர் தானியம் சேமிக்கத் தொடங்கியபோது, தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு ஏறக்குறைய 9,500 ஆண்டுப் பழமையானது. பத்தாயத்துக்கும் பூனைக்கும் உள்ள உறவு அவ்வளவு நெடியது. இருந்தும் மனிதரோடு பழகிய அளவுக்குப் பூனை அந்நியப் பூனையோடு பழகவில்லை. தாயும் மகளும் அக்காள் தங்கையும் ஒன்றாக வாழும். வெளியாள் வந்தால் விரட்டும்.

தன்னவர் யார், அந்நியர் யார் என்பதைப் பூனை மூக்கால்தான் முடிவு செய்கிறது. அதன் கன்னத்திலும் நெற்றியிலும் பாதத்திலும் மணச் சுரப்பிகள் உள்ளன. நிலைப்படியிலும் நம் காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சலுக்காக மட்டும் அல்ல. தன் மணத்தையும் அங்கே பூசிவைக்கிறது. ஒரே வீட்டுப் பூனைகள் ஒன்றையொன்று உரசி ஒரு பொது மணத்தைப் பெற்றிருக்கும். அந்த மணம் இல்லாத ஒன்று சாக்கிலிருந்து திடீரென்று நடுக்கூடத்தில் குதித்தால் அது பழைய பூனைக்குப் பகைதான். ஆகவே முதலில் மணம், பிறகு பார்வை, அதன் பிறகே நேரில் சந்திப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

எந்தக் குட்டி நல்லது?

வளர்ந்த பூனையைவிடக் குட்டியைப் பழைய பூனைகள் எளிதில் ஏற்கும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. பத்துப் பன்னிரண்டு வாரம் வரை விட்டுவைத்தால் இன்னும் நல்லது. வேட்டையைத் தாயிடம் பார்த்துக் கற்பது அந்தக் காலத்தில்தான். சீன அறிஞர் குவோ 1930-இல் வெளியிட்ட ஆய்வில், எலி கொல்லும் தாயுடன் வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலி கொன்றன. தனியே வளர்த்த 20-இல் 9 மட்டுமே கொன்றன. எலியோடு சேர்த்து வளர்த்த 18-இல் எலி கொன்றவை 3 தான். ஆகவே குட்டியின் நிறத்தையும் வாலையும் பார்ப்பதை விட்டு, தாய் எலி பிடிப்பவளா என்று விசாரித்து வாங்க வேண்டும்.

வீட்டுப் பூனை சினையாகவோ குட்டிகளோடோ இருக்கும் சமயத்தில் புதியதைக் கொண்டுவரக் கூடாது. வளர்ந்த கடுவன்கள் இரண்டை ஒரே வீட்டில் வைப்பதும் வீண் வேலை. கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் சண்டையும் சிறுநீர் தெளிப்பதும் வெகுவாகக் குறையும். அதனால் எலி பிடிக்கும் குணம் போய்விடாது.

பழக்கும் முறை

போலகத்தில் ஒரு சிறு விவசாயி வீடு. கூடம், நெல் அறை, பின்னால் கொட்டகை. அடுப்பங்கரையில் இரண்டு பெட்டைப் பூனைகள் என்று வைத்துக்கொள்ளலாம். புதுக் குட்டிக்கு ஏற்ற இடம் நெல் அறைதான். எந்த இடத்தைக் காக்க வேண்டுமோ அந்த இடமே அதற்குச் சொந்த இடமாகிவிடும். அறையில் முன்பு வைத்த எலி நஞ்சு ஏதேனும் கிடந்தால் முதலில் துப்புரவாக அகற்ற வேண்டும். பழைய தட்டு ஒன்றில் மணல் பரப்பி ஒரு மூலையில் வைக்க வேண்டும். குட்டி அதிலேயே மலசலம் கழிக்கும். மூட்டை நனையாது. எதிர் மூலையில் சோறும் தண்ணீரும். ஒளிந்துகொள்ள ஒரு கூடையைக் கவிழ்த்து வாய் வைத்துக் கொடுக்கலாம். தனி அறை இல்லாத வீட்டில் கொட்டகையின் ஒரு பக்கத்தைக் கம்பிவலையால் அடைத்து, பார்வை படாதபடி சாக்கு தொங்கவிடலாம்.

முதல் மூன்று நான்கு நாட்கள் கதவு மூடியே இருக்கட்டும். பழைய பூனைகள் கதவடியில் மோந்து பார்த்துச் சீறும். இது இயல்பே. அவற்றை அடிக்கவோ விரட்டவோ கூடாது. அடி வாங்கிய பூனை அந்த அடியைப் புதுப் பூனையின் மணத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். இதனைப் பலர் அறிவதில்லை. பழையவை படுக்கும் இடத்தையும் உண்ணும் இடத்தையும் மாற்றாமல் இருப்பது நலம்.

பிறகு ஒரு பழந்துணியால் குட்டியின் கன்னத்தைத் துடைத்து அதைப் பழைய பூனைகளின் தட்டருகே போட வேண்டும். அவற்றைத் துடைத்த துணியைக் குட்டியிடம் போட வேண்டும். படுக்கைச் சாக்குகளையும் இவ்வாறே மாற்றி மாற்றிப் போடலாம். சோற்றை மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் வைத்து, நாளுக்கு ஒரு சாண் வீதம் கதவை நோக்கி நகர்த்தி வர வேண்டும். அந்நிய மணம் வரும்போதெல்லாம் மீனும் வருகிறது என்று பூனை கற்றுக்கொள்ளும். துணியை மோந்து சீறாமல் நகரத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். சில வீடுகளில் இதற்கு ஒரு வாரம் போதும். வளர்ந்த பூனையானால் மூன்று நான்கு வாரமும் ஆகலாம். நாளைக் கணக்கிடுவதை விட்டுப் பூனையைக் கவனிப்பதே சரி.

பார்வைப் பழக்கத்துக்குக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் மிகவும் உதவும். குட்டியைப் பஞ்சாரத்தின் உள்ளே விட்டு, மேலே கல் வைத்து, சோறு வைக்க வேண்டும். பழையவற்றுக்கு ஐந்தாறு முழம் தள்ளிச் சோறு வைக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். மீண்டும் குட்டியை அறைக்குள் விட்டுவிடலாம். தினம் இரு வேளை இப்படிச் செய்து தூரத்தைக் குறைத்துவர வேண்டும்.

எல்லாம் சாப்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பின் பஞ்சாரத்தை எடுக்கலாம். இதைப் பகலில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். ஒரு சீறலும் ஒரு அறையும் இருந்தால் பாதகமில்லை. காதை மடித்து, வாலை அடித்து, கண் இமைக்காமல் முறைத்தால் அன்றைக்குப் போதும் என்று பிரித்துவிட வேண்டும். சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவே நீட்டவே கூடாது. ஒரு பாயையோ சாக்கையோ இரண்டுக்கும் இடையில் போட்டால் விலகிவிடும். கோபம் ஏறிய பூனை பல மணி நேரம் தணியாது. தூக்கிக் கொஞ்சப் போனால் கடிக்கும். மறுநாள் வரை தனித்தனியே வைத்து, முந்தைய கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

பூனைகள் கூடிய பின்னும் ஒரே தட்டில் சோறு வைப்பது சண்டையை விலைக்கு வாங்குவதாகும். பூனைக்கு ஒரு தட்டு, அதுவும் தள்ளித் தள்ளி. மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கலாம். வெளியே கொல்லைக்குப் போய்ப் பழகியவற்றுக்கு இது தேவைப்படாது. கர்ப்பிணிப் பெண்கள் மணல் தட்டைச் சுத்தம் செய்யாமல் பிறரிடம் விட்டுவிட வேண்டும். பூனையின் மலம் வழியே பரவும் ஒருவகை நோய் கருவைப் பாதிக்கக் கூடும்.

பட்டினச்சேரி மீன் வரும் ஊரில் பூனைச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. தலையையும் குடலையும் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடலாம். பச்சை மீனையே நாள்தோறும் போட்டால் சத்துக் குறைவால் நரம்புக் கோளாறு வரும். சில பூனைகளுக்குப் பால் பேதியாகும். அவற்றுக்குத் தண்ணீரே போதும்.

நோயும் நஞ்சும்

வீட்டில் அண்மையில் குட்டி ஏதேனும் வாந்தி பேதி கண்டு இறந்திருந்தால் புதுக் குட்டி கொண்டுவர அவசரப்படக் கூடாது. பான்லூக்கோபீனியா என்னும் நச்சுயிரி நோயாக அது இருக்கலாம். அந்தக் கிருமி தரையிலும் சாக்கிலும் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். இதற்குத் தடுப்பூசி உண்டு. வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, மருத்துவர் கூறும்படி ஆண்டுதோறும் தொடர வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடலாகாது. பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும், நாய் உண்ணிக்கான பெர்மெத்ரின் தூளைத் தூவுவதும் பூனையைக் கொன்றுவிடும்.

ஊர் முழுவதும் வயலில் நச்சு இரை வைக்கும் நாட்களில் பூனைகளை வீட்டுக்குள் அடைத்துச் சோறு போட வேண்டும். துத்தநாக பாஸ்பைடு, புரோமாடியோலோன் இரண்டுமே, தின்று செத்த எலி வழியாகப் பூனையையும் சேரக் கூடியவை. செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைத்த பிறகே பூனையை வெளியே விடலாம்.

தை அறுவடைக்குக் காவல் வேண்டுமென்றால் குட்டியைக் கார்த்திகைக் கடைசியிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். முதன்முறை கொல்லையில் விடும்போது சோறு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்பாக, பசியோடு விட வேண்டும். கால் மணி நேரம் கழித்துத் தட்டைத் தட்டினால் ஓசை கேட்டுத் திரும்பி வந்துவிடும்.