அயல் தளத்தில் இயங்கும் நிரல்கள்

பெங்களூரிலுள்ள கன்னட கணக பரிஷத் என்னும் அமைப்பு உருவாக்கிய 'நுடி' எனும் கன்னட எழுத்து மென்பொருளைக் கர்நாடக அரசு இலவசமாக வழங்கி வந்துள்ளது. அதில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் பல. நுடியோ விண்டோஸ் இயங்குதளத்திற்கென எழுதப்பட்டது. விண்டோஸ் 10 தளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. பழைய கணிப்பொறிகளை விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் தளத்திற்கு மாற்ற எண்ணுவோர் முன் எழும் வினா, பழகிய நிரல்கள் அங்கு இயங்குமா என்பதே.

இதற்கு வழிகாண்பது 'ஒயின்' என்னும் இணக்க அடுக்கு. 1993இல் தொடங்கப்பெற்ற இம்முயற்சியை 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் வழிநடத்தி வருகிறார். இதன் 1.0 பதிப்பு 2008 ஜூனில் வெளியாயிற்று.

இது செயற்படும் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். வேற்றுமொழி அலுவலகத்திற்கு வந்த எழுத்தர் ஒருவர் தம் கணக்குகளைத் தாமே போடுகிறார். கோப்பு வேண்டுமென்று கேட்கும்போது மட்டும் துபாஷி ஒருவர் இடைநிற்கிறார். அவ்வாறே, நிரலின் கட்டளைகளைச் செயலி நேரடியாக நிறைவேற்றுகிறது. "கோப்பைத் திற", "சாளரத்தை வரை" என்று நிரல் விண்டோஸிடம் விடுக்கும் வேண்டுகோள்களை மட்டும் அடுக்கு ஏற்று, லினக்ஸ் வாயிலாக நிறைவேற்றுகிறது. ஆகவே இது வேறொரு கணிப்பொறியைப் போலப் பாவனை செய்வதன்று. வேகமும் பெரிதும் குறைவதில்லை.

எனினும் இதற்கு எல்லைகள் உண்டு. அடுக்கினுள் இயங்கும் விசைப்பலகை நிரல், அடுக்கினுள் உள்ள நிரல்களுக்கே எழுத்துகளை வழங்க இயலும். வெளியேயுள்ள லினக்ஸ் நிரல்களை அது எட்டாது. அச்சுப்பொறி போன்ற சாதனங்களுக்கான விண்டோஸ் இயக்கிகளும் பொதுவாக இதில் பயன்படுவதில்லை.

இவற்றினும் முக்கியமானது ஆவணங்களின் நிலை. நுடியின் பழைய எழுத்துருக்களில் கன்னட வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் வைக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அதே ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். நிரலை இயக்கும் அடுக்கு இக்குறையைத் தீர்க்காது. 1991 முதலே கன்னடத்திற்கு இடமளித்துள்ள யூனிகோடு முறைக்கு ஆவணங்களை மாற்றுவதே தீர்வாகும்.

எனவே தளம் மாற்றும் முன் ஆவணங்களுக்குப் படி எடுத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் ஒரு கணிப்பொறியில் மட்டும் திறத்தல், தட்டச்சு, சேமிப்பு, அச்சிடல் ஆகிய நான்கையும் சோதித்தல் நன்று. இணக்க அடுக்கு பழைய நிரலுக்குச் சில காலம் வாழ்வளிக்கும். ஆவணங்களை நெடுங்காலம் காப்பது பொதுவான எழுத்து முறையே.