சாம்பலாகத் தெரிந்த வெண்பனி

மன்னார்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, பனிமழை என்பது நெடுங்காலம் திருவிவிலியத்தில் வாசித்த ஒரு சொல்லாகவே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பணியாற்றச் சென்றபோதுதான் அதனைக் கண்ணால் கண்டேன், காலால் மிதித்தேன். குளிர்காலம் வந்தால் அங்குள்ளோர் வீட்டுக்குள் முடங்கிவிடுவர் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் எங்கள் சமூகத்தைச் சேர்ந்த இளைஞர் மூவர், குளிர் கடுமையாகும் நாட்களுக்காகவே காத்திருந்தனர். உறைந்த ஏரிகளையும் பனி மூடிய மலைகளையும் படம்பிடிப்பதற்காக அவர்கள் விடியுமுன்னே புறப்பட்டுவிடுவார்கள். ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை என்னையும் உடன்வருமாறு அழைத்தார்கள்.

அழைக்க வந்தவரைக் கண்டபோது சற்று வியப்படைந்தேன். ஞாயிறு திருப்பலிக்குத் தாமதமாக வந்து, ஆலயக் கதவருகிலேயே நின்று, இறுதி ஆசீருக்கு முன்னர் வெளியேறிவிடும் இளைஞர் அவர். ஒருநாளும் முன்வந்து ஒரு வணக்கம் சொன்னதில்லை. அவரைப் பற்றி என் மனதில் ஒரு கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஆற்றிய மறையுரையில், "பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்களைப் போல ஆலயக் கதவருகே நிற்கும் கிறிஸ்தவர்கள்" என்று சற்றுக் கடுமையாகவே பேசியிருந்தேன். பேசும்போது என் பார்வை அவர்மீதுதான் இருந்தது.

அதிகாலை 4 மணிக்குக் கல்கரியிலிருந்து வானில் புறப்பட்டோம். மூன்று மணி நேரத்துக்கும் மேலான பயணம். நாங்கள் சென்ற இடம் ஏபிரகாம் ஏரி. பெயரைக் கேட்டதும் நம் குலமுதல்வரின் பெயர் என்று மகிழ்ந்தேன். அது 19ஆம் நூற்றாண்டில் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த சைலஸ் ஏபிரகாம் என்பவரின் பெயர் என்று பின்னரே அறிந்தேன். அது இயற்கையான ஏரியுமன்று. வட சஸ்கச்சுவான் ஆற்றின் குறுக்கே 1972ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பிக்ஹோர்ன் அணையினால் உருவான நீர்த்தேக்கம் அது. ரொக்கி மலைகளின் நடுவே நீண்டு கிடக்கின்றது. படம்பிடிப்போர் வழக்கமாகக் கூடும் கரைக்கு 'பிரீச்சர்ஸ் பொயின்ற்' என்று பெயர். 'பிரசங்கியாரின் முனை' என்று பொருள்கொள்ளலாம். பிரசங்கியார் ஒருவருக்கு அங்கே ஒரு பாடம் காத்திருந்ததை நான் அப்போது அறியேன்.

வெப்பநிலை மறை 22 பாகை செல்சியஸ். இறங்குமுன்னர் அந்த இளைஞர் ஒவ்வொருவரையும் சோதித்தார். இரண்டு சோடிக் கையுறைகள், வழுக்காதிருக்கப் பாதணியின் அடியில் பொருத்தும் இரும்பு முட்கள், கமராவின் மேலதிக பற்றரிகள் எல்லாம் உள்ளனவா என்று பார்த்தார். பற்றரிகளைப் பையில் வைக்கலாகாது. நெஞ்சோடு ஒட்டிய உட்சட்டைப் பையிலேயே வைக்க வேண்டும் என்றார். குளிரில் பற்றரிக்குள் நிகழும் இரசாயனச் செயல் மந்தமாகி, அது விரைவில் ஓய்ந்துவிடுமாம். மீண்டும் உடற்சூட்டில் வைத்தால் ஓரளவு உயிர்பெறுமாம். நான் கமராவைக் கண்ணருகே கொண்டுசென்று மூச்சுவிட்டேன். அந்த மூச்சு கண்ணாடியில் பனிப்படலமாக உறைந்துவிட்டது. "மூச்சைப் பக்கவாட்டில் விடுங்கோ, பாதர்" என்று சிரித்தபடி துடைத்துத் தந்தார்.

பனிக்கட்டியின்மேல் அவரே முதலில் நடந்தார். நாங்கள் அவர் அடியொற்றிச் சென்றோம். மின் உற்பத்திக்காக நீரைத் திறந்துவிடும்போது ஏரியின் மட்டம் இறங்கும். அப்போது மேலேயுள்ள பனிக்கட்டி தாங்குவாரின்றிக் கரையோரத்தில் வெடித்துச் சரியும். ஆகவே எங்கே கால்வைக்கலாம், எங்கே கூடாது என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினார்.

காற்று பனித்தூளைத் துடைத்துவிட்டிருந்ததால், ஏரி கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. உள்ளே வெண்ணிற வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. நற்கருணை அப்பங்களை அடுக்கி வைத்தாற்போல் எனக்குத் தோன்றியது. ஏரியின் அடியிலுள்ள தாவரங்கள் மக்கும்போது மெதேன் வாயு குமிழிகளாக எழுகின்றது. மேலே வருமுன் பனிக்கட்டி அவற்றைச் சிறைப்பிடித்துவிடுகின்றது. பனி தடிக்கத் தடிக்க அடுத்தடுத்த குமிழிகளும் அடுக்கடுக்காக உறைகின்றன. சேற்றில் மக்கிப்போனவற்றின் மூச்சு அது; அதைக் காணத்தான் எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து முழந்தாளிடுகின்றனர்.

8.30 மணிக்குப் பின்னரே கதிரவன் எழுந்தான். மலையுச்சிகள் முதலில் இளஞ்சிவப்பாகிப் பின்னர் பொன்னிறமாகின. பனி போர்த்திய கரை முழுவதும் கண்கூசும் வெண்மை. நானும் ஆவலோடு படங்களை எடுத்தேன். ஆனால் கமராவின் திரையில் பார்த்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. வெண்பனி, அடுப்புச் சாம்பலைப்போல் மங்கிக் கிடந்தது.

"இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை, தம்பி. பனியும் அழுக்காய்த்தான் இருக்கிறது" என்றேன்.

"பனியில பிழை இல்லை, பாதர். கமராவின்ர கணக்கிலதான் பிழை" என்றார் அவர்.

பின்னர் பொறுமையோடு விளக்கினார். எதன்மீது பட்டுத் திரும்பும் ஒளியையும், நடுத்தரமான ஒரு சாம்பல் நிறத்திலிருந்து வருவதாகவே கமராவின் ஒளிமானி கணக்கிடுகின்றது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல் நிறமே அதன் அளவுகோல். புதிதாய் விழுந்த பனியோ 80 சதவீதத்துக்கும் மேலான ஒளியைத் திருப்பித் தருகின்றது. ஒளி அளவுக்கு மீறிவிட்டது என்று கருதும் கமரா அதனைக் குறைத்து, வெண்மையைச் சாம்பலாக்கிவிடுகின்றது. கரிய காகத்தை நெருங்கிப் படம்பிடித்தாலும் அதனையும் சாம்பலாக்கவே முயலும். எதிரே இருப்பது பனி என்பதை அது அறியாது; படம்பிடிப்பவரே அறிந்திருக்க வேண்டும். ஆகவே பனியைப் படம்பிடிப்போர் கமராவின் கணக்கைவிட ஒரு மடங்கோ இரு மடங்கோ கூடுதலாக ஒளியை அனுமதிக்கின்றனர். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு என்றார். ஒளியை வரம்பின்றிக் கூட்டினால், பனியின்மேலுள்ள காலடித் தடங்களும் சிறு மேடுபள்ளங்களும் அழிந்து, படம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

அவர் சொன்னபடி மாற்றி எடுத்தேன். பனி, பனியாகவே வந்தது.

குளிர் தாங்காது வானுக்குத் திரும்பி, தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, இந்தக் கடுங்குளிரில் ஏன் இந்த அலைச்சல் என்று அவரிடம் கேட்டேன். அவர் இறைச்சி பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்பவர். குளிர்காலத்தில் இருளில் போய் இருளில் திரும்பி, பகலில் உறங்குபவர். "மாதத்தில ஒரு நாளாவது சூரியன் எழும்புறதைப் பார்க்க வேணும், பாதர். அதுக்குத்தான்" என்றார்.

என் மனதில் ஏதோ தைத்தது. "அப்படியானால் ஞாயிறு காலையில்...?" என்று இழுத்தேன்.

வேலை முடிந்து நேரே ஆலயத்துக்கு வருவாராம். உடையில் இறைச்சி வாடை இருக்குமாம். அருகில் குழந்தைகளோடு இருப்போருக்கு அது தொல்லையாகும் என்பதற்காகவே கதவருகில் நிற்பாராம். உடன் வேலை செய்யும் ஒருவரின் காரில்தான் வீடு திரும்ப வேண்டும். அவர் வெளியே காத்திருப்பார். அதனால்தான் இறுதி ஆசீர் வரை நிற்க முடிவதில்லையாம். இவற்றையெல்லாம் அவர் ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு விடையாக மட்டுமே சொன்னார்.

இரவு முழுவதும் நின்று உழைத்தபின் இறைவன் திருமுன் மேலும் ஒரு மணி நேரம் நிற்பவரை, நான் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர் என்று அளந்திருந்தேன். பலிபீடத்தருகே நின்ற எனக்கு அவருடைய வெண்மை சாம்பலாகத் தெரிந்தது. பிழை பனியில் இல்லை.

அந்த மறையுரையை நினைவுபடுத்தி, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது எனக்குச் சொன்னது எண்டு நான் நினைக்கேல்லை, பாதர்" என்றார். நினைத்திருந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் என்னை அளக்க வேண்டிய நேரத்தில் அவர் ஒளியைச் சற்றுக் கூட்டி அளந்தார் என்பது மட்டும் தெரியும்.

அன்பார்ந்த வாசகர்களே, நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் ஓர் ஒளிமானியைச் சுமந்து திரிகின்றோம். நம் பழக்கம், நம் குடும்பம், நம் ஊர் ஆகியவை வகுத்துத் தந்த நடுத்தரமே அதன் அளவுகோல். அதற்கு மேலான வெண்மையை அது நம்ப மறுக்கின்றது. மலைமீது ஆண்டவர் உருமாறியபோது, உலகில் எந்தச் சலவைக்காரரும் வெளுக்க முடியாத வெண்மையில் அவருடைய ஆடை ஒளிர்ந்ததாக மாற்கு நற்செய்தியாளர் எழுதுகின்றார். அந்த ஒளி அன்றுதான் அவரிடம் வந்து சேர்ந்ததா? கலிலேயாவின் புழுதியில் உடன் நடந்த சீடர்கள், அதுவரை காணாதிருந்ததை அன்று கண்டனர் என்பதே பொருத்தம்.

அதே வேளை, இரக்கம் என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. ஒளியை வரம்பின்றிக் கூட்டினால் தடங்கள் மறைந்துவிடும் என்று அவர் எச்சரித்தாரல்லவா? பிறரிடமுள்ள காயத்தையும் தவறையும் காணாதவர்போல் இருப்பது அன்பாகாது. வெண்மையும் தெரிய வேண்டும். அதன்மேல் பதிந்த தடமும் தெரிய வேண்டும். அத்தகைய அளவை, எதிரே இருப்பவரை அறிந்தவருக்கே கைகூடும். அறிவதற்கோ, அருகில் சென்று கேட்க வேண்டும்.

மறு ஞாயிறு, திருப்பலி உடையணிந்தபின் நேரே கதவருகே சென்று காத்திருந்தேன். வருகைப் பாடல் தொடங்கும் வேளையில் விரைந்து வந்தார். அவருடைய கைகளைப் பற்றி, முதலிலேயே ஆசீர் அளித்தேன். வாடை இருந்தது உண்மைதான். அது ஒரு குடும்பத்தின் அன்றாட உணவின் வாடை.

உங்கள் ஆலயத்தின் கதவருகிலும் யாராவது நிற்கக்கூடும். உங்கள் அலுவலகத்தில், அயல்வீட்டில், ஒருவேளை உங்கள் சொந்த வீட்டிலேயே, நீங்கள் கணக்கு முடித்துவிட்ட ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் அவரிடம் சென்று ஒரே ஒரு கேள்வியை அன்போடு கேளுங்கள். விடை வரும்வரை உங்கள் அளவுகோலை ஒதுக்கி வையுங்கள்.