உஷார்! சதுர அடி விலையைக் கேட்டு வீடியோ வால் வாங்கிவிடாதீர்கள்!

தீபாவளிக்கு முன்னால் கடையில் பெரிய திரை ஒன்று மாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கல்யாண மண்டபத்துக்கோ ஹோட்டல் வரவேற்பறைக்கோ 'வீடியோ வால்' போடலாம் என்று யாராவது கொட்டேஷன் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்களா?

கொஞ்சம் நில்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்!

டிவி வாங்குவது மாதிரி இது இல்லை. டிவி சரியில்லை என்றால் மாற்றித் தருவார்கள். இதை உங்கள் சுவரிலேயே கட்டிவிட்டுப் போவார்கள். தவறு என்று தெரியவரும்போது லட்சக்கணக்கில் பணம் போயிருக்கும், சுவரும் துளைபட்டிருக்கும்.

ஒரு மாவட்டத் தலைநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், மனிதர் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார். பில் போடும் இடத்துக்குப் பின்னால் 12 அடிக்கு 8 அடி எல்.இ.டி. திரை போட ஆசைப்பட்டார். விற்க வந்தவர் பி2.5, பி4, பி5 என்று மூன்று விலை சொன்னார். பி5தான் இருப்பதில் மலிவு. "எல்லாம் எல்.இ.டி.தான் சார். தூரத்துல நின்னு பாத்தா வித்தியாசமே தெரியாது" என்றார். இவரும் நம்பி பி5 போட்டுவிட்டார்.

தூரத்தில் நின்றால் வித்தியாசம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடையில் தூரத்தில் நிற்க இடம் எங்கே இருக்கிறது? பில் போட வரும் பெண்கள் திரையிலிருந்து ஏழடியில் நிற்கிறார்கள். பட்டுச்சேலை விளம்பரம் ஓடுகிறது. ஜரிகை இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். சேலையை நேரில் பார்த்து மயங்கி வந்தவர்கள் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

அந்த 'பி' எண் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஒளிப்புள்ளிகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அது. அந்த எண்ணை அப்படியே மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் அத்தனை மீட்டர் தள்ளி நின்றால்தான் படம் படமாகத் தெரியும். பி2.5 என்றால் இரண்டரை மீட்டர், சுமார் எட்டடி. பி5 என்றால் ஐந்து மீட்டர், பதினாறடிக்கும் மேல். கண்ணுக்கு இதமாக இருக்க இன்னும் தள்ளியே நிற்க வேண்டும்.

வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து டேப் பிடித்து அளக்காமல் திரை வாங்காதீர்கள்!

கொட்டேஷனில் '12 × 8 அடி' என்று போட்டிருந்தார்கள் இல்லையா? அந்த அளவே கிடையாது! திரை சின்னச் சின்ன மாட்யூல்களால் ஆனது. பெரும்பாலும் புழங்குவது 320 மில்லிமீட்டர் அகலம், 160 மில்லிமீட்டர் உயரம் உள்ள மாட்யூல். அகலத்தில் 11, உயரத்தில் 15 வைத்தால் 3.52 மீட்டருக்கு 2.4 மீட்டர் வரும். சதுர அடியில் ஏறக்குறைய 91. பில் போட்டதோ 96 சதுர அடிக்கு. ஐந்து சதுர அடிக்கான பணம் காற்றில் போனது. போதாததற்குத் தச்சர் முன்கூட்டியே பன்னிரண்டடிக்கு அடித்துவைத்த மரச்சட்டத்தில் இரண்டு ஓரமும் இடைவெளி விழுந்து பல்லிளித்தது.

"ஃபோர்கே ஓடும் சார்" என்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்வது வேறு, 4கே தெளிவில் காட்டுவது வேறு. அந்தக் கடைக்காரரின் பி5 திரையில் மொத்தமே அகலவாக்கில் 704, உயரவாக்கில் 480 புள்ளிகள்தான். உங்கள் கைபேசித் திரையில் இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. பி2.5 போட்டு முழு எச்.டி. வேண்டுமென்றால் 4.8 மீட்டருக்கு 2.7 மீட்டர் சுவர் வேண்டும். நிஜமான 4கே வேண்டுமென்றால் 9.6 மீட்டர் அகலம், முப்பத்தோரடிக்கும் மேல்! அத்தனை பெரிய சுவர் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். உள்ள புள்ளிகளுக்கு ஏற்ற மாதிரி எழுத்தைப் பெரிதாக வைத்து வீடியோ செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தள்ளுபடி அறிவிப்பில் தள்ளுபடி எவ்வளவு என்பதே யாருக்கும் புரியாது.

படம் சரியில்லை என்பதோடு போயிருந்தால் பணநஷ்டம் என்று விட்டுவிடலாம். எனக்குப் பதறுவது இனிமேல் சொல்லப்போவதற்குத்தான்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். கடை முழுக்கக் கூட்டம். வெள்ளைப் பின்னணியில் ஒரு விளம்பரம் வந்ததும் பட்டென்று எல்லாம் அணைந்தது. ஏ.சி., விளக்கு, பில் மெஷின் எல்லாமே. பிரேக்கரைத் தூக்கிவிட்டார்கள், மறுபடி விழுந்தது. ஓடிவந்த எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, ஏசி லைன்லேயே இழுத்துக் குடுத்துட்டுப் போயிருக்கானுவ. தாங்காது. நல்லவேளை டிரிப் ஆச்சு. வயரு ஏற்கெனவே இளகிப் போயிருக்கு."

நல்லவேளை டிரிப் ஆனது! ஆகாமல் இருந்திருந்தால்? சுற்றிலும் துணி, ஒரே மாடிப்படி, உள்ளே பெண்களும் குழந்தைகளும்.

கணக்கைப் பாருங்கள். கடைக்குள் வைக்கும் எல்.இ.டி. திரை, மாடலைப் பொறுத்து, உச்சத்தில் சதுர மீட்டருக்கு 400 முதல் 600 வாட் வரை இழுக்கும். அவருடைய திரை எட்டரை சதுர மீட்டர். முழு வெள்ளை வரும் நொடியில் 5 கிலோவாட் வரை போகலாம். ஏறக்குறைய 22 ஆம்பியர்! சாதாரண நாளில் இதில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆபத்து அந்த உச்சத்தில் இருக்கிறது. 16 ஆம்பியர் பிளக்கில் சொருகிவிட்டுப் போகிறேன் என்று எவராவது சொன்னால் வாசலிலேயே நிறுத்துங்கள்! திரைக்குத் தனி லைன், தனி பிரேக்கர் (எம்.சி.பி.), மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த் இருந்தே ஆக வேண்டும். திரையின் கூடு உலோகம், குழந்தைகள் கை வைப்பார்கள். எர்த் சரியில்லாத திரையில் கை வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபக்காரர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். திரையின் பின்னால் வரிசையாக இருக்கும் பவர் சப்ளைகள் நொடியில் கருகிவிடும். முகூர்த்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் புகை கிளம்பும். இதற்கான பாதுகாப்புக் கருவியின் விலை, திரை விலையில் ஒரு சிறு துளிதான். கொட்டேஷனில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது சுவர். எட்டரை சதுர மீட்டர் திரை என்றால் கூடும் சட்டமும் சேர்த்து 300 கிலோவைத் தாண்டும். நம் கடைகளில் நடுவே எழுப்பும் நாலரை இஞ்ச் செங்கல் சுவரும் ஜிப்சம் தடுப்பும் இந்தப் பாரத்துக்குக் கட்டியவை அல்ல. அந்த ஜவுளிக்கடையில் ஆறே மாதத்தில் சுவரில் குறுக்காக விரிசல் ஓடியது. அதன் கீழேதான் பில் போடும் பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2022 ஜூலை 28 அன்று ஹாங்காங் கொலிசியம் அரங்கில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே மேலே தொங்கிய ராட்சதத் திரை ஒன்று அறுந்து, ஆடிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தது. ஒரு நடனக் கலைஞர் படுகாயம் அடைந்தார். கம்பி வடம் சோர்ந்து அறுந்தது என்றும், மேலே தொங்கவிட்ட சாதனங்களின் எடையை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டியிருந்தார்கள் என்றும் விசாரணையில் தெரியவந்தது. அத்தனை பெரிய அரங்கிலேயே எடை விஷயத்தில் இப்படி நடந்தது என்றால், நம்மூர் மேடையில் வாடகைக்குக் கொண்டுவந்து ஒரே ராத்திரியில் ஏற்றும் திரைக்கு யார் பொறுப்பு? வாடகைத் திரை வரும்போது அடியில் பாரம் வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பின்னால் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட விடாதீர்கள்.

வெளியே, கட்டட உச்சியிலோ சாலையைப் பார்த்தோ வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் பயம். 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகைச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில், புயல்காற்றில் 120 அடி உயர விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க்மேல் சாய்ந்து 17 உயிர்கள் போயின. எல்.இ.டி. திரை சாதாரண ஃபிளெக்ஸைவிடப் பல மடங்கு கனம், காற்றும் முழு அகலத்தில் மோதும். உள்ளாட்சி உரிமமும் கட்டமைப்புப் பொறியாளர் சான்றும் இல்லாமல் ஒரு போல்ட்கூட முடுக்க விடாதீர்கள். வெளித்திரைகள் 5,000 நிட்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் ஒளிரும். ராத்திரியில் தானாக மங்கும் வசதி இல்லையென்றால் எதிரே வண்டி ஓட்டி வருபவரின் கண் கூசும், விபத்து நடக்கும்.

ஜவுளிக்கடைக்காரர் கதை இன்னும் முடியவில்லை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் திரையின் நடுவே ஒரு பட்டை கறுத்துப்போனது. போட்டுக்கொடுத்தவரின் போன் அணைந்திருந்தது. வேறு ஆளைக் கூப்பிட்டார். அவர் கொண்டுவந்த புது மாட்யூல், பட்டுச்சேலையில் வேறு துணியை ஒட்டுப்போட்ட மாதிரி நிறம் மாறித் தெரிந்தது. வேறு பேட்ச்சில் தயாரான எல்.இ.டி.யின் நிறம் பெரும்பாலும் துல்லியமாகப் பொருந்தாது. அதனால்தான் வாங்கும்போதே அதே பேட்ச்சில் நூற்றுக்கு ஐந்து மாட்யூலாவது உதிரியாக வாங்கி உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 165 மாட்யூல் திரைக்கு ஒன்பது போதும். கூடவே திரையின் கான்ஃபிகரேஷன் ஃபைலையும் கன்ட்ரோலர் பாஸ்வேர்டையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் வேறு எந்த டெக்னீஷியனும் உங்கள் திரையைச் சுலபமாகச் சரிசெய்ய முடியாது. விற்றவரின் பிடியிலேயே நீங்கள் இருப்பீர்கள்!

இந்தப் பேச்சுகளைக் கேட்டால் உடனே சுதாரித்துக்கொள்ளுங்கள்:

"இடத்தைப் பாக்க வேண்டாம், அளவு சொன்னா போதும்." ஓடிவிடுங்கள்.

"சுவரோட சுவரா ஒட்டிடலாம்." முன்பக்கமாகக் கழற்றும் வகையா என்று கேளுங்கள். பின்பக்கம் கழற்றுவது என்றால் ஓர் ஆள் நுழைய இரண்டடியாவது வேண்டும். இல்லையேல் ஒரு வயர் போனாலும் மொத்தத் திரையையும் இறக்க வேண்டிவரும்.

"வீட்டு டிவி நாலு வாங்கி ஒட்டினா பாதி விலை." வீட்டு டிவியை நாள் முழுக்க ஓட்டுவதற்காகச் செய்யவில்லை. கடையில் வைத்தால் பெரும்பாலும் வாரண்டியும் செல்லாது. நடுவே தடித்த கறுப்புச் சிலுவை விழும். கடைகளுக்கென்றே வரும் எல்.சி.டி. பேனல்களில் இடைக்கோடு 3.5, 1.8, 0.88 மில்லிமீட்டர் என்று பல வகை உண்டு. எது என்று எழுதி வாங்குங்கள்.

"டெமோ வீடியோவ போன்ல அனுப்பறேன்." வேண்டாம். நேரில் போங்கள். உங்கள் கைபேசி கேமராவைத் திரைக்கு முன் பிடியுங்கள். கறுப்புக் கோடுகள் ஓடினால் ரெஃப்ரெஷ் ரேட் குறைவு என்று அர்த்தம். மண்டபத்தில் இந்தத் திரை இருந்தால் கல்யாண வீடியோ முழுக்க அந்தக் கோடுதான் இருக்கும். பெண் வீட்டார் உங்களைத்தான் கேட்பார்கள். 3,840 ஹெர்ட்ஸ் கேளுங்கள்.

மண்டபம் நடத்துபவர்களுக்கு இன்னொன்று. மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் இல்லை என்று திரையைப் பூட்டிப் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். தை முகூர்த்தத்துக்கு முழு வெளிச்சத்தில் போட்டதும் புள்ளி புள்ளியாகச் செத்துப்போகும். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பின்பக்கம் எலி நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே திரை மாட்டிவிட்டவர்கள் நாளைக் காலையிலேயே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, முழு வெள்ளைப் படத்தை அரை மணி நேரம் ஓடவிட்டு, வயரும் பிரேக்கரும் சூடாகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் புது விரிசல் இருந்தால் கீழே உட்காருபவர்களை அன்றைக்கே இடம் மாற்றுங்கள். இனிமேல் வாங்கப்போகிறவர்கள், கட்டடப் பொறியாளர் சுவரைப் பார்த்து எழுத்தில் சரி என்று சொல்லும்வரை யாருக்கும் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.