திசுக்களில் மரபணு வெளிப்பாட்டை அறிய லேசர் நுண்வெட்டு முறை: நுட்பமும் நம்பகத்தன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

திசுவை முழுமையாக அரைத்துப் பெறும் ஆர்.என்.ஏ., அதிலுள்ள பலவகை உயிரணுக்களின் சராசரியையே காட்டும். குறிப்பிட்ட உயிரணுக்களை மட்டும் நுண்ணோக்கியின் கீழ்ப் பிரித்தெடுக்க லேசர் நுண்வெட்டு முறை உதவுகிறது. இம்முறையின் செயற்பாட்டையும், உயிரணுவை அடையாளங்காணும் தேவைக்கும் ஆர்.என்.ஏ.வைக் காக்கும் தேவைக்கும் இடையிலான முரணையும், முடிவுகளை ஏற்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லேசர் நுண்வெட்டு, மரபணு வெளிப்பாடு, ஆர்.என்.ஏ., திசுவியல், மக்காச்சோளம்

முன்னுரை

ஓர் உயிரியின் உயிரணுக்கள் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவை. அவற்றுள் எவை செயற்படுகின்றன என்பதே ஓர் உயிரணுவை நரம்பணுவாகவோ தசையணுவாகவோ வேறுபடுத்துகிறது. இச்செயற்பாட்டை ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டு அறிகிறோம். ஆனால், அந்த ஆர்.என்.ஏ. எந்த உயிரணுக்களிலிருந்து வந்தது என்ற வினாவுக்கு விடை இல்லையெனில், அளவீடு துல்லியமாக இருந்தும் முடிவு பிழைபடக்கூடும்.

சராசரியின் சிக்கல்

ஒரு திசுவின் எல்லா உயிரணுக்களிலும் ஒரு மரபணுவின் வெளிப்பாடு 1 அலகு எனவும், நோய்நிலையில் 5 விழுக்காட்டு உயிரணுக்களில் மட்டும் அது 10 அலகாக உயர்கிறது எனவும் கொள்வோம். முழுத்திசுவின் சராசரி 1.45 அலகு மட்டுமே. இரு மடங்கு மாற்றத்தை வரம்பாகக் கொள்ளும் ஆய்வு, இப்பத்து மடங்கு உயர்வைக் கைவிட்டுவிடும்.

இதற்கு எதிரான பிழையும் நிகழலாம். புற்றுக்கட்டியினுள் நோயெதிர்ப்பு அணுக்கள் மிகுதியாகப் புகுந்தால், அவற்றுக்குரிய மரபணுக்களின் அளவு உயரும். எந்த உயிரணுவும் தன் செயற்பாட்டை மாற்றிக்கொள்ளாதபோதும், புற்றணுக்களில் அம்மரபணுக்கள் தூண்டப்பட்டதாக ஆய்வாளர் கருத நேரிடும்.

செயற்படும் விதம்

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த எம்மெர்ட்-பக் குழுவினர் 1996இல் ‘சயன்ஸ்’ இதழில் லேசர் பற்றுமுறையை வெளியிட்டனர். இதில் திசுச்சீவலின் மேல் வெப்பத்தால் இளகும் நெகிழிப் படலம் வைக்கப்படுகிறது. தெரிவுசெய்த உயிரணுவின் மீது அகச்சிவப்பு லேசர் பட்டதும் படலம் இளகி அதனைப் பற்றிக்கொள்ளும். படலத்தை உயர்த்தும்போது உயிரணுவும் உடன் வரும்.

மற்றொரு வகையில் புற ஊதா லேசர், தெரிவுசெய்த பகுதியைச் சுற்றிலும் வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு புவியீர்ப்பால் கீழுள்ள குப்பியில் விழும். அல்லது லேசர் துடிப்பால் மேலுள்ள மூடிக்கு உந்தப்படும்.

காண்பதும் காப்பதும்

இம்முறையின் அடிப்படை முரண் இதுதான்: உயிரணுவைத் தெளிவாகக் காண உதவும் செயல்கள் பல, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் வாய்ப்புடையவை. ஃபார்மலின் திசுவின் அமைப்பை நன்கு நிலைநிறுத்தும், ஆனால், ஆர்.என்.ஏ.வில் குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தி அதனைத் துண்டாக்கும். உடனடியாக உறையவைத்த திசுவில் ஆர்.என்.ஏ. நன்கு எஞ்சும், அமைப்பின் தெளிவு குறையும். நீர்த்தன்மை மிக்க சாயக்கரைசலில் ஆர்.என்.ஏ. சிதைப்பு நொதிகள் மீண்டும் செயற்படும் என்பதால், சாயமேற்றலைச் சுருக்கிச் சீவலை ஆல்கஹாலில் விரைந்து நீர்நீக்க வேண்டும்.

அளவும் மற்றொரு தடையாகும். பாலூட்டி உயிரணு ஒன்றிலுள்ள மொத்த ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 10 முதல் 30 பிகோகிராம். மெல்லிய சீவலில் உயிரணுவின் ஒரு பகுதியே இருக்கக்கூடுமாதலால் கிடைப்பது இன்னும் குறைவு. எனவே பெருக்கம் தேவைப்படுகிறது. ஆர்.என்.ஏ.வின் வால்முனையிலிருந்து தொடங்கும் பெருக்கமுறைகளில் அம்முனைப் பகுதியே மிகுதியாகப் பதிவாகும்; ஆர்.என்.ஏ. சிதைந்திருப்பின் இச்சாய்வு மேலும் கூடும்.

தாவரத் திசுவில் ஒரு சான்று

தாவரங்களில் உயிரணுச் சுவர் பிரித்தலைக் கடினமாக்குகிறது. உயிரணு இடைவெளிகளில் தோன்றும் பனிப்படிகங்கள் உறைசீவலின் அமைப்பைக் குலைக்கின்றன. நக்கசோனோ குழுவினர் 2003இல் மக்காச்சோள முளைக்குருத்து உறையில் இத்தடைகளை எதிர்கொண்டனர். எத்தனால், அசெட்டிக் அமிலக் கலவையில் திசுவை நிலைநிறுத்தி, உறைகாப்புப் பொருளைச் சேர்த்து, ஒட்டுப்பூச்சுள்ள கண்ணாடித் தகட்டைப் பயன்படுத்தினர். புறத்தோல் உயிரணுக்களையும் வாஸ்குலார் திசுக்களையும் தனித்தனியே 10,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் பெற்றனர். ஏறத்தாழ 8,800 மரபணு நகல்கள் கொண்ட நுண்வரிசையில் ஒப்பிட்டபோது, சுமார் 250 நகல்கள் இவ்விரண்டுள் ஒன்றில் மிகுந்து வெளிப்பட்டன. திசுவை ஒன்றாக அரைத்திருந்தால் இவ்வேறுபாடு புலப்பட்டிராது.

ஏற்புக்குரிய சோதனைகள்

இம்முறையால் பெற்ற முடிவை ஏற்குமுன் மூன்றினை நோக்க வேண்டும். முதலாவது, ஆர்.என்.ஏ.வின் முழுமை, வெட்டிய பகுதியில் அதை அளக்க இயலாதாயின், அதே தகட்டில் எஞ்சிய சீவலிலாவது அளக்க வேண்டும். இரண்டாவது, தூய்மை; அண்டை உயிரணுக்களுக்கே உரிய அடையாள மரபணுக்கள் மாதிரியில் மிகக் குறைந்திருக்க வேண்டும். மூன்றாவது, மறுநிகழ்வு, ஒரே உயிரியிலிருந்து எடுத்த பல சீவல்கள், தனித்தனி உயிரிகளுக்கு ஈடாகா.

முடிவுரை

ஒற்றை உயிரணு ஆர்.என்.ஏ. வரிசையறிதல் இன்று பரவலாகியுள்ளது. அதற்காகத் திசுவை நொதிகளால் பிரிக்கும்போது உயிரணுவின் இடம் பற்றிய தகவல் இழக்கப்படுகிறது. பிரிக்கும் செயலே அழுத்தத்துக்கு எதிர்வினையாற்றும் மரபணுக்களைத் தூண்டவும் கூடும். உறையவைத்தோ நிலைநிறுத்தியோ வைத்த திசுவில் செய்யப்படும் லேசர் நுண்வெட்டு, இடத்தைக் கண்டறிந்த பின்னரே உயிரணுவை எடுக்கிறது. ஆகவே, எந்த இடத்தில், எந்த உயிரணுவில் என்பது ஆய்வு வினாவாக இருக்கும்வரை இம்முறைக்குத் தேவை உண்டு. நிலைநிறுத்தல், சாயமேற்றல், பெருக்கம் ஆகியவற்றின் விவரங்களை முடிவுகளுடன் சேர்த்து வெளியிடுவது அவ்விடையை நம்பத்தக்கதாக்கும்.